ஒரு மந்தியின் மார்புக் கட்டியும் சென்னை பயாப்ஸி ஆய்வகமும்

இந்தத் திசுப் பரிசோதனை ஆய்வகத்துக்கு என் மதிப்பெண் ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு. நாய், பூனை வைத்திருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு இது ஐந்துதான், தயங்காமல் அனுப்புங்கள். மயில், மான், கரடி, குரங்கு என்று வகைதொகை இல்லாமல் வைத்துக்கொண்டு அல்லாடும் என்னைப் போன்ற மருத்துவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆய்வகத்தின் பெயரைப் போடவில்லை. சென்னையில் இருக்கும் தனியார் இடம், விலங்குகளின் திசு மட்டும் பார்க்கிறார்கள். கீழே குறையும் சொல்லப்போகிறேன், அதைச் சரிசெய்ய அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லப்போகிறேன். பெயரைப் போட்டால் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுத் திட்டக் கிளம்பிவிடுவார்கள்.

நான் வேலை பார்ப்பது தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் மீட்பு மையம் ஒன்றில். வித்தை காட்டுபவர்களிடமிருந்து பறிமுதல் ஆனவை, ஆசைக்கு வளர்த்துப் பல் முளைத்ததும் வேண்டாம் என்று விட்டவை, மின்கம்பியில் கருகிக் கை இழந்தவை எல்லாம் எங்களிடம் வரும். பாதிக்கு மேல் நாட்டுக்குரங்கு. தலையில் நடுவகிடு எடுத்தாற்போல முடியும் நீண்ட வாலுமாகக் கோயில்களில் பார்ப்பீர்களே, அதேதான்.

ராக்காயி எங்கள் மந்திகளிலேயே மூத்தவள். பல்லையும் தோலையும் பார்த்து இருபதைத் தாண்டியவள் என்று கணித்திருக்கிறோம். ஒரு வீட்டில் குட்டியிலிருந்து சங்கிலியில் வளர்ந்தவள். இடுப்பைச் சுற்றிச் சங்கிலி அறுத்த இடத்தில் இன்னும் முடி முளைக்கவில்லை. குட்டி போட்டதே இல்லை. இங்கே வந்தபின் கருத்தடை செய்தோம். குழாயை மட்டும் அடைக்கும் அறுவை அது, சூலகம் அப்படியே உள்ளே இருக்கும், மாதவிலக்கும் வழக்கம்போல வரும். இமாச்சலப் பிரதேசத்தில் 2007 முதல் குரங்குகளுக்குக் கூட்டங்கூட்டமாகச் செய்துவருகிறார்களே, அதே வகைதான். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

அவளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி கம்பிவலையில் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்து நெஞ்சைக் காட்டி நிற்க அவளைப் பழக்கியிருக்கிறார். நின்றால் கடலை மிட்டாயில் ஒரு துண்டு. காயம் பார்ப்பது, ஊசி போடுவது எல்லாம் அப்படியேதான் நடக்கும். நெருக்கு கூண்டில் அடைத்து அலறவைக்க வேண்டியதில்லை. அப்படி நின்றபோது அவர் கண்ணில்தான் முதலில் பட்டது.

"டாக்டரம்மா, ராக்காயிக்கு இடது மாருல கோலிக்குண்டு கணக்கா ஒண்ணு தட்டுப்படுது. அமுக்குனா நழுவுது. கடிபட்ட தடம் ஏதும் இல்ல."

குரங்கின் மார்பில் வீக்கம் என்றால் சண்டையில் பட்ட கடி, சீழ், பால் கட்டுவது என்றுதான் முதலில் நினைப்போம். பெரும்பாலும் அப்படித்தான் முடியும். இவளுக்கு எதுவும் பொருந்தவில்லை. காய்ச்சல் இல்லை, சூடு இல்லை, பாலூட்டியதே இல்லை. மயக்கம் கொடுத்துத் தொட்டுப் பார்த்தபோது காம்புக்கு வெளிப்பக்கம் 1.5 சென்டிமீட்டர் அளவில் கெட்டியாக இருந்தது. தோலோடும் ஒட்டவில்லை, கீழே தசையோடும் ஒட்டவில்லை. அக்குளில் நிணநீர்க் கணு எதுவும் தட்டுப்படவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவு. மெல்லிய ஊசியில் உறிஞ்சி ஸ்லைடில் தேய்த்துப் பார்த்தால், ஒட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாகக் கிடக்கும் செல்கள், ஒவ்வொன்றிலும் பெருத்த உட்கரு. இனி கட்டியை எடுத்து அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் கட்டி எவ்வளவு அபூர்வம் என்பது தெரியாவிட்டால் பின்னால் நான் போட்ட சண்டை புரியாது. பெண் நாய்களில் மடிக்கட்டி அன்றாட விஷயம். அதில் ஏறக்குறைய பாதி கெட்ட கட்டி, பூனைகளில் பத்தில் எட்டுக்கு மேல் கெட்டது என்று கல்லூரியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். மனிதர்களில் கேட்கவே வேண்டாம். 2022-இல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நமக்கு நெருங்கிய சொந்தமான குரங்குகளிலோ, அமெரிக்காவில் ஆய்வுக்காக ஆயிரக்கணக்கில் வளர்க்கும் இடங்களில்கூட, எப்போதாவது ஒன்று இரண்டு, அதுவும் வயதான மந்திகளில் என்றுதான் பதிவாகிறது. குரங்குகளுக்குப் புற்றுநோயே வராது என்றில்லை. கூண்டில் வாழும் பஞ்சுத்தலை டாமரின் என்ற சின்னக் குரங்குகளுக்குப் பெருங்குடல் புற்றுநோய் சர்வசாதாரணம். மார்பகம்தான் ஏனோ தப்பித்துக்கொள்கிறது. இத்தனைக்கும் நாட்டுக்குரங்கும் சேர்ந்த மக்காக் இனக் குரங்கின் மார்பு அமைப்பு நம்முடையதேதான்: நெஞ்சில் ஒரே ஜோடி, பால் நாளங்கள் கிளைத்துப்போய், பால் சுரக்கும் சிறு மடல்களில் முடியும், நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரும் ஹார்மோன் ஏற்ற இறக்கம். இந்த ஒற்றுமையை நம்பித்தான் வட கரோலினாவில் வேக் ஃபாரஸ்ட் ஆய்வாளர்கள் சூலகம் எடுத்த நீண்டவால் மக்காக் குரங்குகளுக்கு மாதவிடாய் நின்ற பெண்கள் சாப்பிடும் ஹார்மோன்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுத்ததைவிட மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது மார்புச் செல்கள் கூடுதலாகப் பெருகின. அமெரிக்காவில் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் அதே ஜோடி மருந்தால் மார்பகப் புற்றுநோய் கூடியதைக் கண்டு 2002-இல் அந்தப் பகுதியை நிறுத்தவே நேர்ந்தது.

ஆக, மந்தியின் கட்டியை நாயின் கண்ணாடி போட்டுப் பார்க்கக் கூடாது. அதைத்தான் முதலில் செய்தார்கள்.

அனுப்பும் முன் போனில் கேட்டபோது வரவேற்பில் இருந்த பெண் நன்றாகவே பேசினார். குரங்கு என்றதும் "காசநோய் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு அப்போதே மரியாதை வந்துவிட்டது. குரங்குகளுக்கு மேல் இமையில் ஊசி போட்டு 72 மணி நேரம் வரை வீக்கம் பார்க்கும் அந்தச் சோதனையை நாங்கள் ஆண்டுதோறும் செய்கிறோம் என்றேன். மக்காக் குரங்குகளிடம் மனிதருக்கு ஆபத்தான ஹெர்பிஸ் பி வைரஸ் இருக்கக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பச்சைத் திசுவாக அனுப்பாதீர்கள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் முழுக்க ஊறியதாக இருக்கட்டும் என்றார். சரியான பேச்சு.

பெட்டியும் நல்ல பெட்டி. கேட்டால் இலவசமாக அனுப்புகிறார்கள்: அகன்ற வாய் டப்பா இரண்டு, 10 சதவீத பஃபர் ஃபார்மலின் அளந்து ஊற்றியது, மேலே உறிஞ்சும் தாள், இரட்டை ஜிப் பை, எல்லாவற்றுக்கும் வெளியே கெட்டி அட்டை. அகன்ற வாய் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் பல பேர் ஊசி மருந்துக் குப்பியில் திசுவைத் திணித்து அனுப்புகிறார்கள். போகும்போது மெத்தென்று போகும், ஃபார்மலினில் விறைத்தபின் குப்பியை உடைத்தால்தான் வெளியே வரும். புளிப்பேறாமல் காக்கும் பஃபர் கலந்தது என்பதும் முக்கியம். வெறும் ஃபார்மலினில் குழாய்த் தண்ணீரைக் கலந்து அனுப்பினால் புளித்துப்போய், ஸ்லைடு முழுக்கப் பழுப்பும் கறுப்புமாகத் துகள் படிந்திருக்கும். பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள்: திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின், பெரிய கட்டியானால் விளிம்பைக் கெடுக்காமல் நடுவில் கீறி விடவும், குளிர்பதனப் பெட்டியின் உறைநிலையில் வைக்கவே வேண்டாம். கம்பவுண்டர் படித்துவிட்டே கட்டிவிடலாம்.

கூரியர்காரர்கள் ஃபார்மலின் என்று கேட்டதும் கையை விரித்துவிடுவார்கள். ஆய்வகமே ஒரு வழி சொன்னது. ஒரு நாள் முழுக்க ஊறியபின் ஃபார்மலினை வடித்துவிட்டு, அதிலேயே நனைத்த பஞ்சுத்துணியில் திசுவைச் சுற்றி, காற்றுப் புகாமல் இரண்டு பைக்குள் வைத்து அனுப்புவது. ராத்திரி ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டேன், விடிந்ததும் கிளாம்பாக்கத்தில் அவர்கள் பையன் வந்து எடுத்துக்கொண்டான். சிந்தவில்லை, காயவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு என்பதால் வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலையும் கூடவே வைத்திருந்தேன். அதை எங்கே கோப்பில் சேர்ப்பது என்று கேட்டு அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பியதில் தெரிந்தது, வனவிலங்கு அங்கே அடிக்கடி வருவதில்லை என்று.

இனி படிவம். ஒரு பக்கம்தான். விலங்கு என்ற இடத்தில் நாய், பூனை, மாடு, ஆடு, குதிரை, பறவை, பிற. 'பிற'வைச் சுழித்துப் பக்கத்தில் நாட்டுக்குரங்கு, மக்காக்கா ரேடியேட்டா, பெண் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே கட்டி இருக்கும் இடத்தைக் குறிக்க ஒரு படம். மல்லாந்து படுத்திருக்கும் நாய், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் பத்து முலைக்காம்பு. இதில் மந்தியின் மார்பை எங்கே குறிப்பது? ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் நானே ஒரு குரங்கு வரைந்தேன். ஓவியம் எனக்கு வராது, சோளக்கொல்லைப் பொம்மைக்கு வால் வைத்தது போலத்தான் வந்தது. ஆனால் நெஞ்சில் இரண்டே காம்பு, இடது காம்புக்கு வெளியே ஒரு கறுப்பு வட்டம், மேல்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல் என்று அம்புக்குறி போட்டுத் தெளிவாக எழுதினேன். கட்டியிலும் அப்படியே இரண்டு தையல் நூலை விட்டிருந்தேன். மனிதர்களுக்கு மார்பக அறுவை செய்கிறவர்களின் வழக்கம் அது. விளிம்பில் எங்காவது நோய் மிச்சமிருந்தால் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமே.

படிவத்தில் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: ஹார்மோன் கருத்தடை எதுவும் கொடுத்திருக்கிறதா? வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களில் புலி, சிறுத்தை இனங்களுக்குத் தோலுக்கடியில் வைத்த மெலெஞ்செஸ்ட்ரால் மாத்திரையால் மடியில் புற்றுநோய் வந்தது பல காலமாகத் தெரிந்த விஷயம். விலங்குகளின் மார்புக் கட்டியைப் பார்க்கிற ஆய்வகம் இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது. ராக்காயிக்கு அப்படி எதுவும் கொடுத்ததில்லை, குழாய் அடைப்பு மட்டும், சூலகம் உள்ளே இருக்கிறது, பிரசவம் இல்லை என்று பின்பக்கத்தில் எழுதினேன்.

அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. பார்க்க அழகு. வண்ணப்படம் இரண்டு, கட்டியின் அளவு மூன்று திசையிலும், கையெழுத்து, பதிவு எண். படித்தேன். இடது முதல் மார்புச் சுரப்பி, சிம்பிள் கார்சினோமா (புற்றுநோய்), டியூபுலர் வகை, கிரேடு 2, விளிம்புகள் சுத்தம், இடுப்பு நிணநீர்க் கணு அனுப்பப்படவில்லை. அடியில் ஒரு பரிந்துரை: மற்ற நான்கு ஜோடிச் சுரப்பிகளையும் தடவிப் பார்க்கவும்.

நான்கு ஜோடிக்கு நான் எங்கே போவது?

சிரித்துவிட்டு விடுகிற விஷயமாக இருந்தால் விட்டிருப்பேன். கிரேடு என்ற எண்ணில் எனக்குச் சண்டை இல்லை. நாய்க்குப் போடும் கிரேடே 1991-இல் எல்ஸ்டன், எல்லிஸ் என்ற நோயியலாளர்கள் செம்மைப்படுத்திய மனித மார்பகக் கணக்கிலிருந்து வந்ததுதான். குழாய் அமைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, கருக்கள் எவ்வளவு கோணல், பிரியும் செல்கள் எத்தனை என்று மூன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் போட்டு, கூட்டினால் 6, 7 வந்தால் கிரேடு 2. வகைப்பாட்டில்தான் கோளாறு. நாயின் மடிக்கட்டியில் நாளத்தைச் சுற்றியிருக்கும் மயோஎபிதீலியல் செல்களும் சேர்ந்து ஆட்டம் போடும்; சில கட்டிகளுக்குள் குருத்தெலும்பு, எலும்புகூட விளைந்திருக்கும். அதனால் நாய்க்கு சிம்பிள், காம்ப்ளக்ஸ், மிக்ஸட் என்று பிரிப்பதில் அர்த்தம் உண்டு. மந்தியின் மார்புக்குப் பெண்களின் மார்புக்குக் கேட்கிற கேள்வியைத்தான் கேட்க வேண்டும். நாளத்தில் கிளம்பியதா, மடலில் கிளம்பியதா? நாளத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறதா, சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டதா? இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் நிணநீர்க் கணுவை எடுக்க நான் அக்குளைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது.

போன் போட்டேன். டாக்டர் வேலையாக இருக்கிறார், மின்னஞ்சலில் எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன், கொஞ்சம் காரமாகவே. அன்று சாயங்காலம் நோயியல் மருத்துவரே கூப்பிட்டார். குரலை வைத்துப் பார்த்தால் என்னைவிட வயதில் சின்னவர்.

"மேடம், நீங்க எழுதினது முழுக்க சரி. எங்கிட்ட ஸ்லைடு நம்பரோடதான் வரும், பக்கத்துல கம்ப்யூட்டர்ல நாய்னு இருந்துச்சு. அங்க குரங்குக்கு ஆப்ஷனே இல்ல, டைப் பண்றவங்க நாய்னு போட்டுட்டாங்க. உங்க படிவத்த இப்பத்தான் கையில வச்சிருக்கேன். படமும் போட்டிருக்கீங்க."

"படத்தப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்."

"இல்ல மேடம், அந்த நூல் குறிச்சது ரொம்ப உதவி. மெழுகுல பதிச்ச பிளாக்ல இன்னும் திசு இருக்கு. ஆழமா வெட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன். புது அறிக்கை வர்ற வரைக்கும் பழசக் கோப்புல சேர்க்காதீங்க."

சாக்குச் சொல்லவில்லை, 'எங்கள் நடைமுறைப்படி' என்று இழுக்கவில்லை. நான் இந்த மதிப்புரை எழுதக் காரணமே அந்தப் பேச்சுதான். அதற்குப்பின் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டினார். பி-63 சாயம் போட்டார். நாளத்தைச் சுற்றியிருக்கும் மயோஎபிதீலியல் செல்களின் கருக்கள் அதில் பழுப்பாகத் தெரியும். அந்தப் பழுப்பு வளையம் முழுசாக இருந்தால் நோய் உள்ளேயே அடங்கியிருக்கிறது, அறுந்திருந்தால் வெளியே வந்துவிட்டது. மனிதப் புற்றுநோய் மருத்துவமனையில் மார்பகம் மட்டுமே பார்க்கும் தன் தோழியிடம் ஸ்லைடைக் கொண்டுபோய்க் காட்டினார். இதற்கெல்லாம் கூடுதலாக ஒரு ரூபாய் கேட்கவில்லை.

கட்டி ஹார்மோனை வைத்து வளர்கிறதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் ஆகும், மனித ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பவேண்டும், செய்யட்டுமா என்று கேட்டார். செய்யச் சொன்னேன். இதில் குரங்குக்கு ஒரு வசதி உண்டு. மனிதர்களுக்கென்று தயாரித்த, புரதத்தில் ஒட்டிச் சாயம் காட்டும் ஆன்டிபாடிகள் நாய்த் திசுவில் பல நேரம் ஒட்டாது, தனியாகச் சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். மக்காக்கின் புரதங்கள் நம்முடையதோடு அவ்வளவு நெருக்கம் என்பதால் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும். ஆனால் திசு சரியாக ஊறியிருக்க வேண்டும். மனித மார்பகத்துக்கு வகுத்திருக்கும் விதி: வெட்டி எடுத்த 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும், குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் ஊறலாம். நாங்கள் அறுவை மேசை ஓரத்திலேயே டப்பாவைத் திறந்து வைத்திருந்ததால் அது தானாகவே சரியாக அமைந்தது. எந்நேரம் போட்டது என்று டப்பாவின் மேல் எழுதிவைக்கும் பழக்கம் இங்கே எங்கள் உதவியாளருக்கு உண்டு. ஆய்வகத்தின் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

இரண்டாவது அறிக்கையை இன்றைக்கும் எடுத்துப் படிப்பேன். இடது மார்பகம், வெளிப்பக்கம். நாளத்துக்குள் அடங்கிய கார்சினோமா. சல்லடைக் கண் போன்ற கிரிப்ரிஃபார்ம் அமைப்பு. சில நாளங்களின் நடுவில் செல்கள் மடிந்து குவிந்திருக்கின்றன. ஓரிடத்தில் மட்டும் பி-63 வளையம் அறுந்து, 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக வெளியே நீண்டிருக்கிறது. விளிம்புகளில் நோய் இல்லை. மிக நெருங்கிய விளிம்பு உள்பக்கம் என்று நூலை வைத்துத் திசையும் சொல்லியிருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ், புரோஜெஸ்டிரோன் ஏற்பி பாசிட்டிவ், ஹெர்-2 என்ற புரதம் பூஜ்யம். கடைசியில் அவர் சொந்தமாக எழுதிய வரிகள்: இந்த இனத்தில் பதிவுகள் குறைவு, எனவே நாயின் கணக்கையோ பெண்களின் கணக்கையோ வைத்து ஆயுளைக் கணிக்க இயலாது, அக்குளைத் தொடர்ந்து கவனிக்கவும், சூலகம் இருப்பதைக் கருத்தில் கொள்ளவும். படிவத்தின் பின்பக்கத்தில் நான் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார்.

வெளியே நீண்டது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்ற அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மேற்கொண்டு முடிவெடுத்தோம். அக்குளைத் திறக்கவில்லை. வெளியே வந்தது இவ்வளவுதான், விளிம்பும் சுத்தம் என்னும்போது ஒரு கிழவியை மறுபடி கிழித்துக் கூட்டத்திலிருந்து பிரித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. நாட்டுக்குரங்குகள் ராத்திரியில் ஒன்றோடொன்று அணைத்துக்கொண்டு தூங்குபவை. முதல் அறுவைக்குப்பின் தனியாக வைத்திருந்தபோதே சாப்பாட்டைத் தள்ளிவிட்டு மற்றவர்கள் இருக்கும் பக்கமே பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒரு தையல்கூடத் தெரியாமல் கரையும் நூலால் தோலுக்கடியிலேயே தைத்திருந்ததால்தான் சீக்கிரம் கூட்டத்தில் விட முடிந்தது. வெளித்தையல் போட்டிருந்தால் அவளே பிரித்திருப்பாள், இல்லாவிட்டால் பேன் பார்க்க வருகிற சிநேகிதி பிரித்திருப்பாள்.

டாமாக்ஸிஃபென் கொடுக்கலாமே என்று மனித மருத்துவம் பார்க்கும் ஒரு நண்பர் கேட்டார். வாழைப்பழத்தில் மாத்திரை வைத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பும் ஆளுக்குத் தினமும் அதை எப்படிக் கொடுப்பது? அதோடு அந்த மருந்து மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தாலும் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளக்கூடியது. அடுத்த வருடாந்திரப் பரிசோதனைக்கு எப்படியும் மயக்கம் கொடுப்போம், அப்போது ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் சூலகத்தை எடுத்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். அதுவரை அண்ணாச்சியின் கடலை மிட்டாயும் வலைக்கு வெளியே என் விரலும்தான் கண்காணிப்பு. தழும்பு மெல்லிய கோடாக ஆறிவிட்டது, அக்குள் மெத்தென்று இருக்கிறது.

ஐந்தாவது நட்சத்திரம் போன இடத்துக்கு வருகிறேன். பதிவு செய்யும் மென்பொருளில் இன்றுவரை குரங்கு இல்லை. நானும் கேட்டேன், அந்த மருத்துவரும் கேட்டிருக்கிறார், மென்பொருள் போட்டுக்கொடுத்தவர்கள் செய்யவேண்டும் என்கிறார்கள். இப்போது எங்கள் சாம்பிள் போனால் டப்பா மூடியிலேயே சிவப்பு மையில் குரங்கு என்று எழுதி ஒட்டுகிறோம். 'பிற' என்று போனால் அயல்நாட்டுச் செல்லப்பிராணிக் கட்டணம் விழுகிறது, அதாவது நாய்க்கு ஆகிற தொகையைப் போல ஒன்றரை மடங்கு. இகுவானாவும் மக்கா கிளியும் வளர்ப்பவர்களிடம் வாங்குங்கள். அரசு பறிமுதல் செய்து எங்களிடம் விட்ட நாட்டுக்குரங்குக்கு என்ன அயல்நாடு? இதைச் சொன்னபின் எங்களுக்கு மட்டும் குறைத்தார்கள். விலைப்பட்டியலில் மாறவில்லை, எனவே நீங்களும் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

நேரமும் ஒரு குறை. பொங்கல் விடுமுறையில் மாட்டிக்கொண்டதால் முதல் அறிக்கையே சொன்ன தேதியைத் தாண்டித்தான் வந்தது. இன்னும் வரவில்லை என்று ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பியிருக்கலாம். அறிக்கையில் ஒட்டும் படங்கள் சின்னதாக, மங்கலாக வருகின்றன. பெரிய கோப்பாக வேண்டுமென்றால் தனியாக எழுதிக் கேட்க வேண்டும், கேட்டால் தருகிறார்கள்.

அரசு வழியும் இருக்கிறது. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் எத்தனையோ விதமான விலங்குகளைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இறந்த விலங்கின் பரிசோதனை என்றால் நான் இன்னும் அரசுக் கல்லூரியைத்தான் நாடுவேன். உயிரோடு இருக்கும் விலங்கின் கட்டி, முடிவு சீக்கிரம் வேண்டும், மருத்துவரோடு நேரில் பேச வேண்டும் என்றால் இந்த ஆய்வகம்.

அனுப்புவதானால் ஒரு விஷயம். பரிசோதனை முடிந்தபின் மெழுகு பிளாக்கைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்கள், அவர்கள் விதிமுறையிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. நாயின் கொழுப்புக்கட்டி என்றால் போகட்டும். குரங்கு, தேவாங்கு, சோலைமந்தி என்று எது போனாலும் பிளாக்கைத் திருப்பிக் கேளுங்கள். அதற்குச் சின்னக் கட்டணமும் பார்சல் செலவும் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ராக்காயியின் பிளாக் இப்போது எங்கள் மருந்தறை அலமாரியில், வெயில் படாத தட்டில், அவள் பெயரும் இனமும் தேதியும் எழுதிய டப்பாவில் இருக்கிறது. இதே போன்ற கட்டியோடு எங்காவது இன்னொரு மந்தி வந்து, ஒப்பிட்டுப் பார்க்க ஸ்லைடு வேண்டுமென்றால் எழுதுங்கள். வனத்துறைக் கடிதம் மட்டும் வேண்டும்.